குரங்குக்குச் சோற்றுக்கை எது?

செம்பூரில் உள்ள எங்கள் இல்லத்தில் சென்ற கோடை விடுமுறையின்போது ஒரு சிறு வழக்கு எழுந்தது. வழக்குத் தொடுத்தவர், கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் தாயார். எதிர்வாதி, ஒன்பது வயதான என் மகள். இடக்கையால் சோறு உண்கிறாள் என்பதே குற்றம். நியாயாதிபதியாக அமர்த்தப்பட்ட நானோ மத்திய சர்க்கார் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். எந்த வாக்கியத்துக்கும் இரு பக்கமும் பொருள் கூறிப் பழகியவன். ஆகவே தீர்ப்பு நாளுக்கு நாள் தள்ளிப் போயிற்று.

“குரங்குகூடச் சோற்றுக்கையால்தானே தின்கிறது!” என்றார் தாயார் ஒரு நாள்.

“எந்தக் குரங்கு, பாட்டி? அதற்குச் சோற்றுக்கை எது?” என்று மகள் கேட்டாள்.

இக்கேள்விக்கு எங்கள் மூவருள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. நேயர்களுக்கும் தெரிந்திராது என்றே எண்ணுகிறேன். அழகர்கோயில் அடிவாரத்திலோ குற்றாலத்திலோ குரங்கு நம் கைப்பழத்தைப் பறித்துச் சென்ற கதையை நம்மில் ஒவ்வொருவரும் சுவைபடக் கூறுவோம். பறித்தது அதன் வலக்கையா, இடக்கையா என்று ஒருவர் வினவினால் விழிப்போம். நம்முடைய பழத்தைப் பார்த்தோமே தவிர, அதன் கையைப் பார்க்கவில்லை.

நேரில் கண்டறிவது என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாட்டுங்காவில் வசிக்கும் என் தமையனார் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் ரயிலேறிப் போரிவலி சென்றோம். அங்குள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவினுள், பௌத்தத் துறவிகள் குடைந்த கான்ஹேரி குகைகளின் அருகே குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. யானைக்குகை எனப்படும் எலிபெண்டாத் தீவிலும் இவ்வினத்தைக் காணலாம்.

இவை நமக்கு அந்நியமானவை அல்ல. உச்சந்தலையில் மயிர் சுழித்து நாற்புறமும் விரிந்து, சிறு தொப்பி கவிழ்த்தாற்போல் தோன்றும்; வாலோ உடல் நீளத்துக்குக் குறையாது. குல்லாய்க் குரங்கு என்றும் நாட்டுக்குரங்கு என்றும் வழங்கும் நம் ஊர்க் கோயில் குரங்கேதான் இது. தென்னிந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இதற்கு இயற்கை வாழிடம் இல்லை. மேற்கே தபதி நதியும் கிழக்கே கோதாவரியும் இதன் வட எல்லை என்று பழைய நூல்கள் குறிக்கும்; அண்மை ஆண்டுகளில் குட்டை வாலும் செந்நிறப் பின்புறமும் உடைய வடநாட்டுக் குரங்கு தெற்கே இறங்கி வருவதால் அவ்வெல்லை சற்றுப் பின்வாங்கியுள்ளது. நம்மவர் இந்நகருக்குப் பிழைக்க வருவதற்கு நெடுங்காலம் முன்பே தென்னாட்டான் ஒருவன் இங்குக் குடியிருந்தான் என்பதறிந்து என் தாயாருக்கு ஒரே மகிழ்ச்சி.

மகள் தன் பள்ளிக் குறிப்பேட்டில் ‘இ’ என்றும் ‘வ’ என்றும் இரு பத்திகள் வரைந்துகொண்டாள். எழுதியது இடக்கையால் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காது சிறிது கிழிந்த குரங்கொன்று ஆலமரத்தடியில் உதிர்ந்திருந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அது கை நீட்டும்போதும் அவள் ஒரு கோடு போட்டாள். ஏழு கோடுகள் ஆனதும் குரங்கு மரமேறி மறைந்துவிட்டது. ஐந்து ‘இ’, இரண்டு ‘வ’.

“அப்பா, இதுவும் என்னைப் போலத்தான்!” என்று அவள் கூவியபோது முகத்தில் இருந்த ஒளியை நான் மறக்கமாட்டேன். வழக்கில் தனக்கொரு சாட்சி கிடைத்துவிட்டது என்று நம்பினாள். அச்சாட்சி செல்லாது என்று கூறும் சங்கடம் என் தலையில் விழுந்தது.

ஏன் செல்லாது? பையிலிருந்த காசொன்றை எடுத்துச் சுண்டச் சொன்னேன். பூவா தலையா என்று ஏழு முறை சுண்டினால், ஏதேனும் ஒரு பக்கம் ஐந்தோ அதற்கு மேலோ விழுவது எத்தனை முறை நேரும்? கணக்கிட்டுப் பார்த்தால் நூற்றுக்கு 45 முறை நேரும். காசுக்கு இடக்கை வலக்கை கிடையாது. ஆயினும் ஏறக்குறையப் பாதி ஆட்டங்களில் அது ஒருபக்கச் சார்பு உடையதுபோல் வேடங்காட்டும். ஏழு கோடுகளைக் கொண்டு ஒரு குரங்கின் இயல்பைத் தீர்மானிப்பது அத்தகையதே. பற்பல நாட்களில், பற்பல நிலைகளில் எடுத்த பல பத்துக் கோடுகள் வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே இடத்தில் அமர்ந்தபடி இருபது பழங்களை ஒரே கையால் அடுத்தடுத்துப் பொறுக்கினால், அது இருபது சான்று ஆகுமா, ஒரு சான்று ஆகுமா? முதற்பழம் இடப்புறம் கிடந்ததால் இடக்கை நீண்டது. பிறகு அதுவே தொடர்ந்தது என்று இருக்கலாம். ஆகையால் ஆராய்ச்சியாளர் பலர், குரங்கு எழுந்து இடம் மாறி மீண்டும் தொடங்கினால்தான் புதிய கணக்கு என்று விதித்துக்கொள்கின்றனர்.

இவற்றையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கையில், சற்றுத் தள்ளிப் படியில் அமர்ந்திருந்த தாயார், “தம்பி, அதோ குட்டி வைத்திருக்கிறதே, அதைப் பார்த்தாயா?” என்றார். தாய்க்குரங்கொன்று மார்போடு ஒட்டிய குட்டியை இடக்கையால் அணைத்து, வலக்கையால் தழை கிள்ளித் தின்றது. “அந்தக் கையில் பிள்ளை இருக்கிறது, இந்தக் கையால் தின்கிறது. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைத்தது போலத்தான். இதைப் போய் எந்தப் பத்தியில் எழுதுவாள் குழந்தை?”

எனக்கு வியப்பாயிற்று. குரங்கின் கைப்பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் பல ஆண்டுகள் தடுமாறித் தெளிந்த செய்தியை அவர் ஒரு நொடியில் கூறிவிட்டார். உணவெடுக்கும் கையை மட்டும் பார்ப்பது போதாது. அந்நேரத்தில் மற்றக் கை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கு என் தொழில் சார்ந்த ஒரு குறிப்பு. தமிழில் பழக்கம், வழக்கம் என இரு சொற்களை நாம் இணைத்தே வழங்குகிறோம். இவ்விரண்டையும் பிரித்துக்கொண்டால் இவ்வாராய்ச்சியில் பாதிக் குழப்பம் தீரும். தனியொரு குரங்கு ஒரு கையையே விரும்பிப் பயன்படுத்துவது பழக்கம். அவ்வினத்துக் குரங்குகளிற் பெரும்பாலானவை அதே கையைப் பயன்படுத்துவது வழக்கம். ஊரில் ஒவ்வொருவருக்கும் விருப்பமான காய் ஒன்று இருக்கலாம். அதனால் ஊரார் அனைவருக்கும் கத்தரிக்காயே பிரியம் என்று ஆகிவிடாது.

மனிதரிடம் இரண்டும் உண்டு. பல நாடுகளில், 20 லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2020இல் வெளியான ஆய்வொன்று, இடக்கையர் நூற்றுக்குச் சற்றேறக்குறைய 10.6 பேர் என்று காட்டியது. ஒன்பதுக்கு ஒன்று என்னும் இப்பெருஞ்சார்பு எக்கண்டத்திலும் தலைகீழாவதில்லை.

குரங்குகளிடமோ பழக்கம் உண்டு; வழக்கம் உண்டா என்பதே நெடுங்கால விவாதம். ஜே. எம். வாரன் என்ற அறிஞர் 1980இல் வெளியிட்ட கட்டுரையில், குரங்குகளின் கைவிருப்பம் வேலைக்கு வேலை மாறுவது, பயிற்சியால் உறுதிப்படுவது, இனம் முழுவதற்கும் பொதுவாகாதது என்று வாதித்தார். 1987இல் பீட்டர் மக்நீலேஜ் முதலிய மூவர் இதற்கு மறுப்பாக ஒரு கொள்கையை முன்வைத்தனர். ஆதியில் மரவாழ் முன்னோடிகள் வலக்கையால் கிளையை இறுகப் பற்றி, இடக்கையால் பூச்சியையும் பழத்தையும் எட்டிப் பிடித்தன. பின்னர்த் தரையில் இறங்கிய இனங்களில் பற்றும் வேலையிலிருந்து விடுபட்ட வலக்கை நுண்தொழிலுக்கு வந்தது என்பது அவர்கள் கருத்து. கேட்க அழகான கொள்கைதான். ஆனால் எல்லாக் குரங்கினங்களும் இதற்கு இணங்கிச் சாட்சி கூறவில்லை.

1991இல் ஃபாகோ, வோக்ளேர் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இருவர் வேறொரு வழி காட்டினர். வேலை எளிதாயின் எந்தக் கையும் நீளும். வேலை கடினமானால்தான் கைவிருப்பம் வெளிப்படும் என்றனர். தரையில் கிடக்கும் கடலையை எடுப்பதற்குத் திறமை தேவையில்லை. ஒரு குழாயினுள் ஒட்டியுள்ள உணவை எடுக்க வேண்டுமாயின், ஒரு கை குழாயைப் பிடிக்க, மறு கை விரல் நுழைத்துத் தோண்ட வேண்டும். அப்போது எக்கை பிடிப்பது, எக்கை தோண்டுவது என்று குரங்கு தேர்ந்தாக வேண்டும். ஆப்பிரிக்காவில் கோம்பே காட்டுச் சிம்பன்சிகளை ஆராய்ந்த மக்குரூ, மார்ச்சன்ட் என்பார், அவை அன்றாடக் காரியங்களில் இரு கைகளையும் கலந்தே பயன்படுத்துவதையும், புற்றினுள் குச்சி விட்டுக் கறையான் பிடிக்கையில் மட்டும் ஒவ்வொன்றும் தன் தன் கையை உறுதியாகக் கடைப்பிடிப்பதையும் கண்டனர். சிம்பன்சி வாலில்லாக் குரங்கு. நம் நாட்டுக்குரங்கைவிட நமக்கு நெருங்கிய உறவு. ஆயினும் கோம்பேயில் கறையான் பிடிப்பதில் இடக்கைச் சார்பும், மேற்கு ஆப்பிரிக்காவில் கொட்டை உடைப்பதில் வலக்கைச் சார்பும் மிகுந்திருந்ததாக 2005இல் வந்த ஆய்வு கூறியது. அங்கும் ஒரே முகமான வழக்கம் இல்லை என்பது நோக்கத்தக்கது.

இனி, கான்ஹேரிக் குரங்கின் உடன்பிறப்புகளிடம் வருவோம். மைசூருக்கு அருகிலுள்ள சாமுண்டி மலையைத் தரிசித்த நேயர்கள் அங்குள்ள குல்லாய்க் குரங்குகளையும் தரிசித்திருப்பார்கள். மதுர் மங்கலம், நிசர்க் தேசாய் ஆகிய இரு இளம் ஆராய்ச்சியாளரும், மைசூர்ப் பல்கலைக்கழகத்துக் குரங்கியல் அறிஞர் மேவா சிங்கும் அங்குக் கூண்டில் அடைபடாது திரியும் குரங்குகளின் கைகளைக் கூர்ந்து கவனித்து, 2014இலும் 2015இலும் தம் முடிவுகளை வெளியிட்டனர். இவர்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டதுதான் சிறப்பு. ‘குரங்கு வலக்கையதா, இடக்கையதா?’ என்று கேட்பதை விட்டு, ‘இரு கைகளும் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன?’ என்று கேட்டனர்.

குரங்கு செய்யும் வேலைகளை இரு வகையாக்கினர். வெளியில் கையைச் செலுத்தி, இலக்கறிந்து, வளைத்துத் திருப்பிச் செய்பவை ஒரு வகை: உணவை எட்டி எடுத்தல், பேன் பார்த்தல், எதிரியை அறைதல். வலுவை வேண்டி நிற்பவை மற்றொரு வகை: கிளையைப் பற்றி ஏறுதல், உடலைத் தாங்குதல். ஒரு குரங்கு முதல் வகைக்கு ஒரு கையையும், இரண்டாம் வகைக்கு மற்றொரு கையையும் விரும்பிப் பயன்படுத்துவது தெரியவந்தது. முன்னதை இயக்கும் கை என்றும் பின்னதைத் தாங்கும் கை என்றும் கூறலாம். உணவு எட்டி எடுக்கும் பரிசோதனைகளிலும் இப்பங்கீடே தோன்றியது. ஒரு கை போதுமான இடத்தில் இயக்கும் கை முன்வந்தது. இரு கையும் தேவைப்பட்ட இடத்தில் தாங்கும் கை பிடித்துக்கொள்ள, இயக்கும் கை எடுத்தது.

இது நமக்குப் புதிதா? தாராவியில் தோல் தைக்கும் தொழிலாளியைப் பாருங்கள். ஒரு கை தோலை இறுகப் பற்றியிருக்கும். ஒரு கை ஊசியைச் செலுத்தும். பற்றும் கை சும்மா இருக்கிறது என்று எந்த முதலாளியும் கூலியைக் குறைப்பதில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கட்டும் அம்மையார் நாரை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் பூ வைத்து முடிச்சிடுகிறார். ‘வலக்கையர்’ என்று நாம் பெயரிடுவது, அந்த இரு கைகளின் கூட்டு வாணிபத்தில் ஒரு பங்காளியின் பெயரை மட்டும் பலகையில் எழுதுவது போன்றது.

2015இல் வெளியான இரண்டாம் ஆய்வு, இப்பங்கீட்டால் குரங்குக்கு ஆதாயம் உண்டா என்று பார்த்தது. உணவை வெளியே எடுப்பதற்கு ஒவ்வொரு கைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தனர். இரு கைகளின் திறமைக்கும் இடையே வேற்றுமை மிகுந்திருந்த குரங்குகளே தம் விருப்பக் கையால் விரைந்து எடுத்தன. இரு கைகளுக்கும் எல்லா வேலையையும் சமமாகப் பயிற்றுவதைக் காட்டிலும், வேலையைப் பிரித்துக்கொடுத்து ஒவ்வொன்றையும் தன் துறையில் தேறவிடுவது இலாபம் என்றாகிறது. வேகம் குரங்குக்கு அற்பச் செய்தியன்று. கூட்டத்தில் மூத்தது வந்து தட்டிப் பறிக்குமுன் எடுத்துக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டால்தான் அது தன்னுடையது. என் மகளும் அவள் பெரியப்பா பிள்ளைகளும் பங்கேற்கும் விருந்துகளில் இந்த உண்மையை நான் பன்முறை கண்டிருக்கிறேன்.

அந்தப் பங்கீட்டில் இயக்கும் கை வலமா இடமா என்பது குரங்குக்குக் குரங்கு வேறுபடலாம். வேலை பிரிந்திருப்பதுதான் முக்கியம். எந்தப் பக்கம் பிரிந்தது என்பதற்காக எந்தக் குரங்கும் மற்றொன்றை அதட்டுவதில்லை.

அப்படியானால் மனிதர் மட்டும் ஏன் ஒன்பதுக்கு ஒன்றாக வலப்பக்கம் சாய்ந்தனர்? உடலின் வலப்பக்கத்தை மூளையின் இடப்பாதி இயக்குகிறது. பேசும் ஆற்றலும் பெரும்பாலோரிடம் அவ்விடப்பாதியைச் சார்ந்தே உள்ளது. ஆகவே பேச்சும் கையும் ஒருங்கே வளர்ந்தன என்பர் சிலர். கருவி செய்யக் கற்றதும் கற்பித்ததும் காரணம் என்பர் வேறு சிலர். முதற்கூற்று அவ்வளவு எளிதாக நிற்காது. ஏனெனில் இடக்கையருள்ளும் பத்தில் ஏழு பேருக்குப் பேச்சு அதே இடப்பாதியில்தான் அமைந்திருக்கிறது. இவ்விவாதம் இன்னும் தீரவில்லை.

ஆனால் ஒன்று தெளிவாகியுள்ளது. கைவிருப்பம் தட்டில் சோறு விழுந்த பிறகு தொடங்குவதன்று. கருவிலேயே சிசு கட்டைவிரல் சுவைப்பதை ஒலியலைப் படத்தில் கண்டு, அச்சிசுக்கள் 10 முதல் 12 வயதுச் சிறாராக வளர்ந்தபின் மீண்டும் சோதித்தனர் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர். 2005இல் அவ்விவரம் வெளியாயிற்று. வலக் கட்டைவிரல் சுவைத்த 60 பேரும் வலக்கையராகவே இருந்தனர். இடக் கட்டைவிரல் சுவைத்த 15 பேரில் 10 பேர் இடக்கையர். மற்ற ஐவர் வலக்கையர்.

இதை நான் அன்றிரவு தாயாரிடம் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “உனக்கும் அந்தக் கைதான் வந்தது, தம்பி. மூன்று வயதில் விரலில் வேப்பெண்ணெய் தடவி மாற்றினேன். ஒரு மாதம் அழுதாய். உன் தாத்தாவுக்குப் பயந்து செய்தேன்” என்றார்.

எனக்கு அது நினைவில்லை. என் கையெழுத்து எப்போதும் கோணலாயிருப்பதற்கும், ஆணி அடிக்கையில் சுத்தியல் தானே இடக்கைக்குப் போய்விடுவதற்கும் இன்றுதான் காரணம் தெரிந்தது என்று சொல்ல ஆசைதான். ஏழு கோடுகளைக் கொண்டு முடிவு கட்டக்கூடாது என்று மகளுக்குச் சொன்னவன் அப்படிச் சொல்லலாகாது.

தாத்தாவைக் குறை கூறுவதில் பயனில்லை. அவர் பேசிய மொழியே வலப்பக்கம் சாய்ந்தது. ‘வலம்’ என்றால் வலப்பக்கம், வலிமை, வெற்றி என மூன்றும் அடங்கும். கோயிலை வலமாகச் சுற்றுகிறோம். இடக்கைக்கோ ஊருக்கு ஊர் ஓர் ஏளனப் பெயர்: நொட்டாங்கை, ஒரட்டாங்கை, பீச்சாங்கை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரு பிரிவாகிச் சென்னப்பட்டணத்துத் தெருக்களில் சச்சரவிட்டதும் சரித்திரம். தண்ணீர் அருகிய காலத்தில் துப்புரவுக்கு ஒரு கை, உணவுக்கு ஒரு கை என்று பிரித்தது அறிவுடைமையே. அதுவும் ஒரு வேலைப் பங்கீடுதான். எந்தக் கைக்கு எந்த வேலை என்பதை எல்லோருக்கும் ஒன்றாகவே விதித்தபோதுதான் பத்தில் ஒரு குழந்தைக்கு வேப்பெண்ணெய் கசந்தது. கண்டிப்பு மிகுந்த சமூகங்களில் இடக்கையால் எழுதுவோர் தொகை குறைவாகப் பதிவாவது இதனால்தான்.

மழைக்காலம் முடிந்ததும் மீண்டும் கான்ஹேரிக்குச் செல்லவிருக்கிறோம். நேயர்களும் செல்லலாம். குரங்குக்குத் தின்பண்டம் மட்டும் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அது நம் கையிலிருந்து பறிக்கப் பழகும். நாம் எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கக் கையே நீளும். கணக்கும் கெடும், குரங்கும் கெடும். பத்தடிக்கு அப்பால் அமர்ந்து, அது தானாகத் தேடித் தின்பதைப் பாருங்கள். ஒரு குரங்கைக் காதுக் கிழிசலாலோ தழும்பாலோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்; இல்லையேல் பத்துக் குரங்குகளின் பழக்கத்தை ஒன்றின்மேல் ஏற்றிவிடுவீர்கள். முகத்துக்கு எதிரே நின்று பார்க்கும்போது அதன் வலக்கை நமக்கு இடப்புறம் தோன்றும் என்பதை மறவாதீர்கள். என் தமையனார் அன்று எழுதிய கணக்கு முழுவதும் இவ்வாறு தலைகீழாயிற்று.

மகளின் குறிப்பேட்டில் இப்போது ஐந்து பத்திகள் உள்ளன. எடுத்த கை, மற்றக் கை செய்த வேலை, அமர்ந்த இடம், தரையா மரமா என்பவை அவளே வரைந்தவை. ஐந்தாவது பத்தியை வரையச் சொன்னவர் தாயார். கும்பகோணம் திரும்புவதற்கு முதல்நாள், பேத்தியின் தட்டைப் பார்த்தும் பாராதவர்போல் அமர்ந்து, “குட்டி இருந்ததா என்று ஒரு பத்தி போட்டுக்கொள், அம்மாடி. அதை விட்டுவிட்டால் கணக்கு நிற்காது” என்றார்.